பின்னுக்கிருந்து வரும்

"இன்னொருக்காப் போடுங்க," என்றாள் இர்ஷானா.

றிப்ஷான் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். அவனால் அதை இனித் தொட முடியாது என்று தெரிந்துவிட்டது. சுலோஜனாதான் விரலை நீட்டி அழுத்தினாள்.

ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரு கரகரத்த குரல். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவது போல் அடைத்திருந்தது.

"ஓடினீங்கெண்டா முடிஞ்சிது. பின்னுக்கிருந்துதான் வரும். புள்ளைகளும் மிஞ்சாது."

அவ்வளவுதான். கீழே காத்தான்குடிப் பிரதான வீதியில் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். றிப்ஷான் கதிரையோடு துள்ளினான்.

வந்ததிலிருந்து அப்படித்தான். அறைக்குள் நுழைந்ததும் கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டு, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தான். கொடுத்த பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது. ஏறாவூர்க்காரன். கட்டாரில் பல வருடம் மின்வேலை செய்துவிட்டு வந்தவன். நல்ல உடம்புக்காரன்.

"தெரியாத நம்பர். ஆரெண்டு நினைக்கிறீங்க, தம்பி?" என்று கேட்டாள் இர்ஷானா.

"நினைக்கிறதென்ன ராத்தா, எனக்குத் தெரியும். மண் ஏத்துறவங்க. ஆத்தில களவா மண் தோண்டினத நான் வீடியோ எடுத்துப் பொலிசுக்குக் குடுத்தன். லொறியைப் புடிச்சாங்க. ஒருத்தன் போகக்குள்ள என்னைப் பார்த்துக் கழுத்தைத் தொட்டுக் காட்டினான்." அவன் தன் கழுத்தையே தொட்டான். "ஊரை விட்டு ஓடக்கூடாதாம். ஓடினா பின்னால வந்து முடிப்பாங்களாம். புள்ளைகளையும்."

இர்ஷானா பேனாவை மூடினாள். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருந்தவள் அவள். மோதின காரையும் மூழ்கின போட்டையும் பார்த்து, விபத்தா, வேண்டுமென்று செய்ததா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதில் ஒரே ஒரு குறை இருந்தது. அவளுக்குத் தண்ணீரென்றால் உயிர் போகும். போட்டைக் கரைக்கு இழுத்துப் போட்டால்தான் கிட்டப் போவாள். பிறகு வேலையை விட்டாள், சாறிக்கடைக்கு மேலே இந்த அறையை எடுத்தாள். துப்பறிய யாராவது வந்தால் துப்பறிந்தாள்.

சுலோஜனா தேற்றாத்தீவுக்காரி. ஓட்டோ ஓட்டுகிறவள். முதல் வழக்கில் இர்ஷானாவை ஏற்றிப் போனவள், பிறகு இறங்கவே இல்லை.

"சுலோக்கா, கேட்டீங்களா? 'ஓடினீங்கெண்டா' எண்டு சொல்லுது. கொல்ல வாறவன் 'நீங்க' போட்டுக் கதைப்பானா?"

"எங்கட ஊரில கதைப்பான் மிஸ். வெட்டக்குள்ள, கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்க, உடுப்பில பட்டிரும் எண்டும் சொல்லுவான்."

"அடுத்தது, 'வருவம்' எண்டு சொல்லல்ல. 'வரும்' எண்டு சொல்லுது. என்ன வரும்?"

"பேயாயிருக்கும். பேய்க்கு வட்ஸ்அப் இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

றிப்ஷான் சிரிக்கவில்லை. "பகிடி விடாதீங்க அக்கா. அவங்க என்ட போட்டிலயும் கை வைச்சிட்டாங்க."

அந்தப் போட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் சமநிலைக்கு வந்தது. மூடிப்போன ஹோட்டல் ஒன்றின் பழைய பைபர் போட். முன்னால் சின்ன அறை, நடுவில் இருக்கைகள். வாவியில் ஆட்களை ஏற்றிக் காட்டி வாழலாம் என்று வாங்கியிருந்தான். வாங்கிய பிறகுதான், எஞ்சின் கொளுவுகிற பின்பலகை உள்ளுக்குள் உக்கிப்போயிருப்பது தெரிந்தது. வெளியே பைபர் மினுங்கியது, உள்ளே பலகை வட்டிலப்பம் மாதிரிக் குழைந்திருந்தது. கால் மிதிக்கும் தட்டுக்குக் கீழே இருந்த பெற்றோல் டாங்கி துருப்பிடித்திருந்தது. அதற்கும் கீழே, தண்ணீர் தேங்கும் அடிக்குழியில் வருடக்கணக்கான எண்ணெய்ச் சேறு.

"கொழும்புக்குப் போய் நானே நல்ல பலகை வாங்கினன், புது டாங்கி வாங்கினன். கொண்டுபோய் மண்முனைப் பக்கம் உதயரூபன் அண்ணன்ட பட்டறையில குடுத்தன். பலகையில என்ட மகள் ஸாதியா கலர்ப் பேனையால ஒரு மீன் கீறிட்டாள். பல்லுக் காட்டிச் சிரிக்கிற மீன். நான் அழிக்கல்ல. மீனை உள்ளுக்கு வைச்சு மேல பைபர் ஒட்டுங்க அண்ணன், அது எங்கட போட்டுக்குள்ளயே இருக்கட்டும் எண்டு சொன்னன்." அவன் நிறுத்தினான். "வேலை முடிஞ்சிது. ஆனா, ஓடிப் பார்க்கப் போற நாளெல்லாம் பெற்றோல் குழாயை ஆரோ கழட்டி ஒளிச்சி வைக்கிறாங்க. ரெண்டு தரம் நடந்திட்டு. பட்டறைக்குள்ள வந்து போறாங்க ராத்தா. என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாங்க."

"இண்டைக்கு ஒரு நாள் வீட்டை விட்டு வெளிக்கிடாதீங்க. நாங்க பட்டறையைப் பார்த்திட்டு வாறம்."

"நாங்க எங்கயாவது போயிட்டா என்ன?"

"வேணாம். நான் சொல்றவரைக்கும் பொறுங்க."

அவன் தலையாட்டினான். ஆனால் படியில் இறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இறங்கினான். பயந்தவனின் தலையாட்டலை நம்பியிருக்கக்கூடாது என்று இர்ஷானாவுக்குப் பிறகுதான் தோன்றியது.

---

மண்முனைப் பாலத்தைக் கடந்து, வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு ஓட்டோ இறங்கியபோது மழை விட்டு வெளிச்சம் மங்கலாய் இருந்தது. இரண்டு பக்கமும் வாவி பழுப்பாய்ப் பரந்து கிடந்தது. இர்ஷானா பாலம் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டாள்.

"முடிஞ்சிது மிஸ், கண்ணைத் திறவுங்க. நான் ஓடக்குள்ள ஓட்டோ வாவிக்குள்ள பாய்ஞ்சதே இல்ல. ஒரேயொரு தரம் வட்டைக்குள்ள பாய்ஞ்சிது. அதுவும் அறுவடை முடிஞ்ச வட்டை."

"சுலோக்கா, ஒண்டு யோசிச்சுப் பாருங்க. கொல்லத் துணிஞ்சவன் பட்டறைக்குள்ள வந்தா என்ன செய்வான்? குழாயை வெட்டலாம். நெருப்பு வைக்கலாம். இவன் குழாயைக் கழட்டி ஒளிச்சி மட்டும் வைச்சிருக்கான். போட்டுக்கு ஒரு கீறலும் இல்ல."

"நல்ல வளர்ப்பில வந்த கொலைகாரன்."

"இல்ல. போட் ஓடக்கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு வேணும்." ஏன் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

பட்டறை வாவியின் விளிம்பில் இருந்தது. தகரக் கொட்டகை, கவிழ்த்துப் போட்ட இரண்டு தோணிகள், பிசின் மணம். கொட்டகைக்குப் பின்னால் வீடு. உதயரூபன் தானே வந்து கதிரை போட்டார். நரை கலந்த தாடி, மெதுவான பேச்சு, மாறாத சிரிப்பு.

"றிப்ஷான் தம்பிட போட்டா? இப்பதானே வந்து எடுத்துக்கொண்டு போறார்! ஒரு சொல்லுச் சொல்லல்ல. வந்தார், ஏறினார், போயிட்டார். வேலையெண்டா நூத்துக்கு நூறு, மிஸ். புதுப் பலகை, புது டாங்கி, அடிக்குழியைக் கழுவித் துடைச்சு, தண்ணி இறைக்கிற மோட்டருக்குப் புது வயர். நீங்க எங்க வேணுமெண்டாலும் கேளுங்க."

வெளிக்கிட வேண்டாம் என்று சொல்லியும் றிப்ஷான் வெளிக்கிட்டுவிட்டான். இர்ஷானா போனை எடுத்து அவனை அழைத்தாள். அணைத்து வைத்திருந்தான். தெருவில் அவர்கள் காத்திருப்பார்கள் என்று பயந்து, தண்ணீரால் போக நினைத்துவிட்டான்.

"அண்ணன், டொய்லெட் எங்க?" என்றாள் சுலோஜனா. எந்த வழக்கிலும் அவள் முதலில் கேட்கும் கேள்வி அது.

உதயரூபன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அவள் போனாள். அவர் போட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பின்பலகையை எப்படி வெட்டி எடுத்தார், புதியதை எப்படிப் பொருத்தினார், எத்தனை அடுக்குப் பைபர் போட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மனப்பாடம் செய்தது போல அவ்வளவு சரியாக இருந்தது.

சுலோஜனா திரும்பி வந்தபோது நடை மாறியிருந்தது. இர்ஷானாவின் காதருகே குனிந்தாள்.

"மிஸ். கக்கூஸ் கதவின்ட உள்பக்கம் ஒரு மீன் இருக்கு."

"என்ன?"

"கலர்ப் பேனையால கீறின மீன். பல்லெல்லாம் காட்டி என்னைப் பார்த்துச் சிரிக்குது. இருந்த எனக்கு எழும்ப ஏலாமப் போயிட்டு."

போட்டின் முதுகெலும்பாக இருக்கவேண்டிய பலகை கக்கூஸ் கதவாக நிற்கிறது. அப்படியென்றால் அந்தப் போட்டில் எஞ்சின் எதில் தொங்குகிறது?

அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் தேநீர்த் தட்டோடு வந்தாள். உதயரூபனின் மனைவி அன்னப்பூரணி. மெலிந்தவள். இடது மணிக்கட்டு எப்போதோ உடைந்து, கொஞ்சம் கோணலாய் ஒட்டியிருந்தது. கணவனுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாத இடத்தில் நின்றபடி வாவியைப் பார்த்தாள். துறையில் றிப்ஷானின் போட் நின்ற இடம் வெறுமையாய்க் கிடந்தது.

தட்டில் கோப்பைகள் கிலுகிலுத்தன.

"போட் எங்க?" என்றாள். குரல் கரகரத்தது. "ஆர் அதை ஓடினது?"

எதிர்க்கரையில், தூரத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி கரையோடு ஒட்டி நின்றது. சின்னச் சின்ன உருவங்கள் அதில் ஏறின.

"புள்ளைகளையும் ஏத்துறாரே," என்றாள் அன்னப்பூரணி. "ஐயோ, நான் ஓடவேணாமெண்டு சொன்னனே!"

தட்டு விழுந்தது.

இர்ஷானா எழுந்துவிட்டாள். ஓடினீங்கெண்டா முடிஞ்சிது. ஊரை விட்டு ஓடுவதைப் பற்றி யாருமே பேசவில்லை. போட்டை ஓடுவதைப் பற்றித்தான், அதை ஓட்டுவதைப் பற்றித்தான் பேச்சு. பின்னுக்கிருந்து வருவது ஆளில்லை, கழன்று வரும் பின்பலகை. றிப்ஷான் மூன்று வரியையும் தன் பயத்தை வைத்துக் கேட்டிருக்கிறான். எதைச் செய்யவேண்டாம் என்று கெஞ்சினார்களோ அதையே இப்போது செய்கிறான், மனைவி பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு.

"அக்கா, அந்த வொய்ஸ் நீங்களா அனுப்பினது?"

அன்னப்பூரணி கணவனைப் பார்க்காமல் வேகமாய்ப் பேசினாள், நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்பது போல. "உக்கின பலகைக்கு மேல பைபர் மா குழைச்சுப் பூசி நிறம் அடிச்சார். புது டாங்கியை வேற ஒராளுட போட்டுக்குப் போட்டிட்டார். பழைய டாங்கிட ஓட்டைக்கு மேல பைபர் ஒட்டினார், அது நிக்கல்ல. நேத்துப் பெற்றோல் ஊத்தினாப்போல அடிக்குழிக்குள்ள கசிஞ்சிட்டு, நான் துடைச்சன். இப்ப நிறைச்சிக்கொண்டுதான் போயிருப்பார். தண்ணி உள்ளுக்கு வந்து அந்த மோட்டர் சுவிச்சைப் போட்டாரெண்டா, ஒரு நெருப்புப் பொறி போதும்..."

அவள் முடிக்கவில்லை. உதயரூபன் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கோணலாய் ஒட்டிய அதே மணிக்கட்டு. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்புத்தான் இர்ஷானாவை அதிகம் பயமுறுத்தியது.

"இவளுக்குச் சுகமில்ல மிஸ். கண்டதையும் கதைப்பாள். போட்டுக்கு ஒண்டும் ஆகாது. நீங்க ஓட்டோவில ஏறுங்க."

"கையை விடுங்க," என்றாள் இர்ஷானா. தன் குரல் இவ்வளவு சின்னதாய் வருமென்று அவள் நினைக்கவில்லை.

"ஏறுங்க எண்டு சொன்னன்."

அவர் மற்றக் கையால் மேசையில் கிடந்த வெட்டுக்கத்தியை எடுத்தார். ஓங்கவில்லை, வெறுமனே எடுத்துப் பிடித்தார். துறைக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

சுலோஜனா கொட்டகைத் தூணருகில் இருந்த வாளியைத் தூக்கி அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள். கலந்து வைத்திருந்த பிசின். தேன்போலக் கண்ணிலும் தாடியிலும் வழிந்தது. அவர் அலறிக்கொண்டு கத்தியையும் மனைவியையும் ஒன்றாய் விட்டார்.

"அசையாதீங்க அண்ணன், காயுமட்டும்!" என்று கத்தியவள், அன்னப்பூரணியை இழுத்துக்கொண்டு துறைக்குப் பாய்ந்தாள்.

---

துறையில் பட்டறையின் சின்னப் பைபர் போட் ஒன்று கட்டியிருந்தது. அன்னப்பூரணி ஒரே இழுப்பில் எஞ்சினைக் கிளப்பினாள். சுலோஜனா பாய்ந்து ஏறினாள்.

இர்ஷானா பலகைத் துறையின் நுனியில் நின்றாள். கீழே பழுப்புத் தண்ணீர் மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. அவளுடைய கால் நகரவில்லை. பின்னால் உதயரூபன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தடுமாறி வரும் சத்தம் கேட்டது.

"மிஸ், அவர் வாறார். ஏறுங்க!"

ஏறினாளா, விழுந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. போட்டின் அடியில் கிடந்தாள். யாரோ ஒரு பழைய மிதவைச் சட்டையைத் தலைக்கு மேலால் மாட்டி நாடாவை இறுக்கினார்கள். எழுந்து பார்த்தபோது கரை தூரமாகிவிட்டிருந்தது. எல்லாப் பக்கமும் தண்ணீர்.

சுலோஜனா போனில் பொலிசைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். முன்னால் அந்த வெள்ளைப் போட் எதிர்க்கரையை விட்டு நடுவாவிக்கு வந்து தெற்கே திரும்பியது. களுவாஞ்சிக்குடிப் பக்கம் போய் இறங்கி, அங்கிருந்து கல்முனைக்குப் போக நினைத்திருப்பான். மெதுவாகத்தான் போனது. இவர்கள் கிட்ட வந்துகொண்டிருந்தார்கள்.

"புடிச்சிருவம்," என்றாள் சுலோஜனா.

அப்போது றிப்ஷான் திரும்பிப் பார்த்தான்.

இவ்வளவு தூரத்திலும் அவன் தோள்கள் விறைத்தது தெரிந்தது. பட்டறைப் பக்கமிருந்து தன்னை நோக்கி நேராய் வரும் ஒரு போட்டை அவன் கண்டுவிட்டான். அவனுடைய எஞ்சின் உறுமியது. வெள்ளைப் போட்டின் முன்பகுதி மேலே எழும்பியது, பின்பகுதி தண்ணீருக்குள் அமுங்கியது.

"எஞ்சின்ட தலையைப் பாருங்க!" அன்னப்பூரணி கத்தினாள். "பின்னுக்குச் சாயுது! பலகை விட்டிட்டு வருது!"

தாங்கள் நெருங்க நெருங்க அவன் வேகத்தைக் கூட்டுவான். கூட்டக் கூட்டப் பலகை பிய்யும். இர்ஷானாவுக்கு அது கண்ணில் குத்தியது போல் விளங்கியது.

"நிப்பாட்டுங்க! எஞ்சினை நிப்பாட்டுங்க அக்கா! அவருக்குப் பின்னுக்கிருந்து வாறது இப்ப நாங்கதான்!"

அன்னப்பூரணி நிறுத்தினாள். சட்டென்று வந்த அமைதியில் அலை பலகையில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளைப் போட் தூரமாகிக்கொண்டே போனது. சுலோஜனா எழுந்து நின்று கூப்பிட்டாள். எஞ்சின் இரைச்சலில் அது எங்கே கேட்கும்? கையை ஆட்டினாள். துரத்துகிறவர்கள் கை ஆட்டுவதைப் பார்த்து யார் நிற்பார்கள்?

பயந்து ஓடுகிறவன் எதற்கு நிற்பான் என்று இர்ஷானா யோசித்தாள். அந்த யோசனையை முடித்திருந்தால் அவள் அதைச் செய்திருக்க மாட்டாள். பாதியிலேயே போட்டின் விளிம்பில் காலை வைத்துக் கண்ணை மூடிப் பாய்ந்தாள்.

குளிர். இருட்டு. மூக்குக்குள் சேற்றுமணம். அபாயா காலைச் சுற்றிக் கட்டியது. மிதவைச் சட்டை கழுத்தை மேலே இழுக்க, உடம்பு கீழே போக, அவள் வாய் திறந்து அலறினாள். அது நடிப்பல்ல. அல்லாஹ்வே என்று அவள் கூப்பிட்டது படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் கேட்டிருக்கும். மேலே சுலோஜனாவும் அலறினாள். அவளும் நடிக்கவில்லை.

வெள்ளைப் போட்டில் முதலில் எழுந்தது றிப்ஷானின் மனைவி நிஸ்றா. அவள் கணவனின் தோளைப் பிடித்து உலுக்குவது தெரிந்தது. பொம்பிளை ஒராள் தாழுது, திருப்புங்க! அவன் மாட்டேன் என்று தலையாட்டுவது தெரிந்தது. அவள் கைக்குழந்தையை இருக்கையில் வைத்துவிட்டுத் தானே சுக்கானைப் பிடித்தாள்.

வெள்ளைப் போட் வளைந்து திரும்பியது.

"மிஸ்! மிஸ்! காலை ஊண்டுங்க!" சுலோஜனாவின் குரல் திடீரென்று மாறியிருந்தது. "அடி முட்டுது! இந்த அக்கா தடியைக் குத்தி நிக்கிறா, அடி முட்டுது! காலை ஊண்டி நில்லுங்க!"

இர்ஷானா காலை நீட்டினாள். சேறு. ஊன்றினாள். நின்றாள். தண்ணீர் நெஞ்சளவு.

வெட்கப்படக்கூட நேரமில்லை. வெள்ளைப் போட் கிட்ட வந்து வேகம் குறைந்தது. அது கிளப்பிய அலையே பின்னாலிருந்து துரத்தி வந்து, தாழ்ந்துபோன பின்பலகைக்கு மேலால் உள்ளே கொட்டியது. எஞ்சின் விக்கி நின்றுவிட்டது. ஐந்து வயது ஸாதியா தன் காலடியில் தண்ணீரைக் கண்டு வீரிட்டாள். காற்று திரும்பியது. பெற்றோல் மணம் முகத்தில் அறைந்தது.

றிப்ஷான் தண்ணீரைப் பார்த்தான். மின்வேலைக்காரனின் கை தானாகவே சுக்கானருகில் இருந்த மோட்டர் சுவிச்சுக்குப் போனது.

"தொடாதீங்க!" அன்னப்பூரணியின் குரல் கிழிந்தது. "அதைத் தொட்டீங்கெண்டா முடிஞ்சிது!"

விரல் சுவிச்சுக்கு மேலே நின்றது.

அந்தக் குரலை அவன் அடையாளம் கண்டுவிட்டான். இரவெல்லாம் காதுக்குள் ஓடிய குரல். மற்றக் கை கொக்கித் தடியை எடுத்தது. "இவதான். ராத்தா, இவதான்!" தடியை ஓங்கினான்.

இர்ஷானா தண்ணீருக்குள் நடந்து இரண்டு போட்டுக்கும் நடுவே போய் நின்றாள். தடி அவள் தலைக்கு நேரே இருந்தது.

"தம்பி, மணந்து பாருங்க."

"என்ன?"

"மூச்சை இழுத்து மணந்து பாருங்க. உங்கட தட்டுக்குக் கீழ என்ன நிக்கிதெண்டு."

அவன் மூச்சை இழுத்தான். இவ்வளவு நேரமும் பயம் மூக்கையும் அடைத்துவிட்டிருந்தது போலும். விளங்கியதும், சுடுசட்டியிலிருந்து எடுப்பது போல் சுவிச்சிலிருந்து கையை எடுத்தான். தடி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"அவ மிரட்டல்ல," என்றாள் இர்ஷானா. "போட்டை ஓடவேணாமெண்டு சொல்லியிருக்கா. உங்கட பலகையையும் டாங்கியையும் அந்தாள் மாத்தவே இல்ல. புள்ளைகளத் தாங்க. மெதுவா. ஒரு சுவிச்சும் தொடவேணாம், ஒரு இரும்பும் தட்டவேணாம்."

கைக்குழந்தை முதலில் வந்தது. இர்ஷானா வாங்கிச் சுலோஜனாவிடம் கொடுத்தாள். ஸாதியா தாயின் கழுத்தை விடாமல் அழுதாள். தாயும் மகளும் ஒன்றாகவே இறங்கினார்கள். சுலோஜனா கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "என்ட சீவியத்தில இனி கக்கூஸுக்கு அவசரமில்லாமப் போகமாட்டன்," என்று முணுமுணுத்தாள்.

றிப்ஷான் கடைசியாய் இறங்கினான். பின்பக்கத்தால் காலைத் தூக்கி வைத்து, பிடிமானத்துக்கு எஞ்சினின் தலையைப் பிடித்தான். மினுங்கிய வெள்ளைப் பைபர் ஈரக் கடதாசிபோல் நீளமாய்க் கிழிந்தது. உள்ளேயிருந்து கறுப்பாய்க் குழைந்த மரம் பிதுங்கி வந்தது. எஞ்சின் மெல்லக் குனிந்து, தண்ணீருக்குள் போனது. பிளந்த பின்புறத்தால் வாவி உள்ளே நுழைந்தது. பெற்றோல் வானவில் நிறத்தில் சுற்றிலும் விரிந்தது.

நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றபடி அவன் தன் கையைப் பார்த்தான். விரல்களில் அந்தக் கறுப்புக் குழம்பு. "இப்புடியே களுவாஞ்சிக்குடிக்குப் போயிருந்தா, புள்ளைகளோட ஆழமான பக்கத்தாலதான் போயிருப்பன்," என்றான். பிறகு அழத் தொடங்கினான்.

---

எல்லோரும் சின்னப் போட்டில் நெருங்கி உட்கார்ந்தார்கள். பெற்றோல் படர்ந்த இடத்தைத் தாண்டும்வரை அன்னப்பூரணி எஞ்சினைத் தொடவில்லை, தடியால் ஊன்றித் தள்ளினாள்.

"இன்னும் ரெண்டு சொல்லு கூடச் சொல்லியிருக்கலாமே அக்கா," என்றான் றிப்ஷான். கோபமில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை. "போட் எண்டு ஒரு சொல்லு."

"அவர் குளிச்சிக்கொண்டு நிண்டார் தம்பி. அவர்ட போன்ல உங்கட நம்பரப் பார்த்து எடுத்தன். வாளித் தண்ணி ஊத்துற சத்தம் நிக்குமட்டும்தான் எனக்கு நேரம். போட் எண்டு சொன்னா, அவரிட்டப் போய்க் கேட்பீங்க. கேட்டா ஆர் சொன்னதெண்டு அவருக்குத் தெரியும்." கோணல் மணிக்கட்டை மற்றக் கையால் மூடிக்கொண்டாள். "குழாயைக் கழட்டி ஒளிச்சன். அதுக்கு மேல என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியல்ல. ஒவ்வொரு நாளும் கதவைச் சாத்தினா அந்த மீன் என்னைப் பார்க்கும். எனக்கு அங்க போய் இருக்கவே ஏலாமப் போயிட்டு."

ஸாதியா தாயின் மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். "என்ட மீனா?"

"ஓம் மகள். உங்கட மீன்தான்."

இர்ஷானா ஈரத்தில் விறைத்துக்கொண்டு, போட்டின் நட்டநடுவில், இரண்டு பக்க விளிம்பையும் பிடித்தபடி இருந்தாள். "அக்கா, நான் பாயக்குள்ள அது ஆழமில்லயெண்டு உங்களுக்குத் தெரியும்தானே? ஏன் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா நீங்க அப்புடிக் கத்தியிருக்கமாட்டீங்க மிஸ்."

சுலோஜனா முதன்முறையாகச் சத்தமாய்ச் சிரித்தாள். நிஸ்றாவும் அழுகைக்கு நடுவே சிரித்தாள். பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எங்களோட வாங்க," என்றாள் அன்னப்பூரணியிடம். "என்ட சொந்த ராத்தாட வீடு பெரிசு. கேட்க ஆளிருக்கு, கதவுக்குப் பூட்டு இருக்கு."

அன்னப்பூரணி எஞ்சினைக் கிளப்பினாள். படுவான்கரையில், துறையின் நுனியில், ஒரு உருவம் நின்று கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தது. பாலத்திலிருந்து பொலிஸ் ஜீப் ஒன்று அந்தப் பக்கம் இறங்குவதும் தெரிந்தது. யார் முதலில் யாரை அடைவார்கள் என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

"எந்தக் கரைக்கு?" என்று இர்ஷானா மெதுவாய்க் கேட்டாள்.

அன்னப்பூரணி சுக்கானைக் கிழக்கே, எழுவான்கரைப் பக்கம் திருப்பினாள். இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். முதல் தரம் பார்த்தபோது எஞ்சினின் வேகம் குறைந்தது, போட்டில் இருந்த எல்லோரும் மூச்சை நிறுத்தினார்கள். இரண்டாம் தரம் பார்த்துவிட்டு, கைப்பிடியை முழுவதுமாய் முறுக்கினாள்.